சிரிப்பு மட்டும் சூப்பர்

ஸ்டூடியோவில் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழவிக்கு வயது நாற்பத்தொன்று. தலையில் நரை கூட இன்னும் ஒழுங்காக எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் திரையில் பல் போன பாட்டியோ, கூன் விழுந்த வேலைக்காரியோ, மந்திரம் போடும் சூனியக்காரியோ வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து பேசுவது இவளாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருவர் இவள் கணவனிடம், "கிழவி வீட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதர், எதற்கும் சூடாகாதவர். "ஆமாங்க, இளமையிலயே முதுமையைக் கட்டிக்கிட்டேன்" என்றாராம்.

சூடாகிற வேலையை எல்லாம் அவள் ஒருத்தியே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேடையில் கைபேசியை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் ரசிகர் கருத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் வெளியாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரில் வாய் இருக்கிறவர்கள் எல்லாம் கருத்துச் சொல்லி முடித்துவிட்டு இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தார்கள்.

"முதல் பாகம் விருந்து. ரெண்டாம் பாகம் மீந்ததைச் சூடு பண்ணி வச்சது. சிரிப்பு மட்டும் சூப்பர்."

"இது வரைக்கும் சரி" என்றாள் கிழவி.

"சூனியக்காரி வசனம் பேசும்போது பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி இருக்கு. சிரிச்சா மட்டும் உயிர் வருது. என்ன மாயமோ!"

"மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. எல்லாம் என் தலையெழுத்து."

அடுத்ததில் கத்தி நின்றது.

"பழைய சூனியக்காரி சிரிச்சதெல்லாம் ஒரு சிரிப்பா? இவங்க சிரிச்சாங்க பாருங்க, அதுதான் சிரிப்பு! நடிகைன்னா நடிகை!"

"அட அறிவு கெட்டவனே!" கிழவி கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டும் ஒரே தொண்டைடா!"

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன்பு முதல் பாகம் வந்தது. இளவரசியைத் தூங்க வைக்கப் போகிற சூனியக்காரி கை தவறிக் கொஞ்சம் அதிகமாகச் சாபம் போட்டுவிடுகிறாள், அரண்மனை முழுக்கத் தூங்கிவிடுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை, கிளிக்குப் பழம் வைக்க ஆளில்லை. சாபம் போட்டவளே இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு அத்தனை வேலையும் பார்க்க வேண்டி வருகிறது. அந்தச் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தது கிழவி. வசனத்தைவிட அவள் சிரிப்பு பெரிதாகப் போயிற்று. அடிவயிற்றில் கிளம்பி, மூக்கில் ஏறி, உச்சியில் உடைந்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு விக்கல். பள்ளிக்கூட வேன்களில் எல்லாம் பிள்ளைகள் அந்த விக்கலோடு சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்த விக்கல் நடிப்பு இல்லை. அது அவள் வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. ஒருமுறை கணவர் தானே பழுது பார்த்த நாற்காலியில் பெருமையாக உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் தரைக்கு வந்து சேர்ந்தார். அன்று வந்த சிரிப்பை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மைக் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான்.

படத்தின் கடைசியில், ஜனம் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், எறும்பு ஊர்வதுபோல் ஏறும் பெயர்களில் அவள் பெயரும் ஏறிப் போயிற்று. யாரும் படிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் பாகம் எடுத்தபோது சூனியக்காரிக்கு ஒரு பிரபல நடிகை குரல் கொடுப்பார் என்று அறிவித்தார்கள். முகத்துக்கு மார்க்கெட் இருந்தால் குரலுக்கும் இருக்கும் என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ முடிவெடுத்திருந்தார்கள். கார்ட்டூன் படத்தில் அந்த முகமே தெரியாதே என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. கிழவிக்குக் கூட்டத்தில் குரல் கொடுக்கிற வேலை வந்தது. சந்தையில் நான்கு பேரோடு நின்று "ஓடுங்க ஓடுங்க, டிராகன் வருது!" என்று கத்த வேண்டும். வயிறு எரிந்தாலும் கத்திவிட்டு வந்தாள்.

பிறகு ஒருநாள் டப்பிங் கோஆர்டினேட்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். எந்தக் குரலுக்கு யார் என்று ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். அவரைப் பகைத்துக்கொண்டால் தொண்டையைக் கழற்றிப் பரணில் வைத்துவிட வேண்டியதுதான்.

"ஒரு சின்ன உதவி கிழவி. மேடத்துக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது. டேக் மேல டேக் போயாச்சு. இருமற மாதிரி இருக்கு. சிரிப்பை மட்டும் நீ போட்டுக் கொடுத்துடு."

"அவங்க பேச்சுக்கு நடுவுல என் சிரிப்பா அண்ணே?"

"தெரியாது, தெரியாது. இன்ஜினியர் ஒட்டிடுவான். ஆனா வெளியில மூச்சு விடக்கூடாது. மேடம் தரப்புல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. மூணாம் பாகத்துல உன்னை நான் பார்த்துக்கறேன்."

தண்ணீரில் இருந்துகொண்டு முதலையைப் பகைத்துக்கொள்ள முடியுமா? வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, சலசலக்காத பழைய பருத்திச் சட்டையில் அந்தச் சின்ன அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்துக் கொடுத்தாள். விதவிதமாகச் சிரித்தாள். கதவு திறந்து வெளியே வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? அவளுக்கு ஒரே மகள், பத்து வயது, வீட்டில் வாலு என்று பெயர். படம் வந்த அன்றே மூவரும் போனார்கள். திரையில் சூனியக்காரி முதல் முறை சிரித்ததும் வாலு இருட்டில் அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா! இது நீ!"

"சும்மா இரு."

"விக்கல் வருது பாரு! நீதான்!"

கிழவி மகளின் வாயைப் பொத்தினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பொத்த ஆளில்லை. முதல் பாகம் வந்த நாளிலிருந்து வாலு வகுப்பில் சூனியக்காரி மகள், அது ஒரு பெரிய பதவி. இரண்டாம் பாகத்தில் பதவி பறிபோய்விட்டதே என்று சிலர் கேலி செய்ய, "சிரிப்பு எங்க அம்மாவோடது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண், மூக்குக் கண்ணாடி போட்டவள், வாலுவின் உயிர்த்தோழி. அவளே நம்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா கிழவிக்கு போன் போட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க, பசங்களுக்குள்ள ஒரே சண்டை. அந்தச் சிரிப்பு நீங்கதான்னு உங்க பொண்ணு சொல்றாளாமே, நிஜமா?"

கிழவிக்குக் கண்முன்னால் கோஆர்டினேட்டர்தான் வந்து நின்றார். "சேச்சே, இல்லைங்க" என்றாள். "குழந்தைதானே, ஏதோ ஆசையில சொல்லிட்டா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாலு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் யாரோ 'புளுகுமூட்டை' என்று எழுதி அம்புக்குறி போட்டு அவள் பெஞ்சைக் காட்டியிருந்தார்கள். அதைக்கூட அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். அன்றிலிருந்து அம்மா வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுவாள், அம்மா கேட்டால் தலையாட்டுவாள், பேச்சு மட்டும் கிடையாது.

இப்போது அந்தக் கோபக்காரி சமையலறைக்குள் வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் நடிகையின் பேட்டி ஓடிற்று. "அந்தச் சிரிப்புக்காக மூணு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பயிற்சி எடுத்தேன். அது என் ஆன்மாவுக்குள்ளேர்ந்து வந்தது" என்றார் நடிகை.

"உன் ஆன்மா என் தொண்டையில என்னடி பண்ணுது?" என்று கிழவி சீறினாள்.

வாலு டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"இங்க கத்தறதை அன்னிக்குப் போன் பண்ண ஆன்ட்டிகிட்ட கத்தியிருக்கலாம்ல?"

கிழவி வெங்காயத்தை எல்லாம் ஒரே குவியலாகத் தள்ளிவிட்டு மறுபடியும் நறுக்கியதையே நறுக்கினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது. கருத்துச் சொன்னவன் மேலா, நடிகை மேலா, கோஆர்டினேட்டர் மேலா? அந்த வரிசையில் கடைசியில் நிற்பது யார் என்று தெரிந்தும் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கோஆர்டினேட்டர் போன் செய்தார். சனிக்கிழமை பெரிய மாலில் படத்தின் வெற்றி விழா. குழந்தைகள் வருவார்கள். நடிகையும் வருகிறார். சிரித்துக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள்.

"படத்துல இருக்கறதைப் போட்டுக்க வேண்டியதுதானே அண்ணே?"

"அதுல மியூசிக் கலந்திருக்கு. அதோட பசங்க ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி கேப்பான். தும்மிக்கிட்டே சிரிங்கம்பான், அழுதுகிட்டே சிரிங்கம்பான். பேனருக்குப் பின்னாடி உனக்கு ஒரு மைக் வச்சுடறோம். மேடம் வாயசைப்பாங்க, நீ சிரி. உனக்குக் கைவந்த கலைதானே?"

"என்னைத் திருட்டுத்தனமாத் துணிக்குப் பின்னாடி நிக்கச் சொல்றீங்க."

"டப்பிங்னாலே பின்னாடி நிக்கறதுதான் கிழவி. புதுசா என்ன? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வேற ஆளைப் பார்க்கறேன். அப்புறம் என்னைக் கேக்காதே."

அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்றாள். வீட்டில், "கூட்டத்துக்குக் குரல் குடுக்கற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள்.

மாலின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர், அதில் சூனியக்காரியும் நடிகையும் தோளோடு தோள் சேர்த்துச் சிரித்தார்கள். பேனருக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள், ஒயர்கள், துடைப்பம். அதற்கு நடுவில் கிழவிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு மைக். மேடை தெரிவதற்குச் சின்னதாக ஒரு டிவி. நடிகையின் வாயைப் பார்த்துச் சிரிக்க அது போதும். பேனரில் கயிறு கட்டுகிற வளையம் ஒன்று அவள் கண் உயரத்துக்கு இருந்தது. அதன் வழியாகக் கூட்டம் தெரிந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடிற்று. ஒரு பையன் தும்மல் சிரிப்பு கேட்டான். நடிகை மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்க்க, கிழவி தும்மித் தும்மிச் சிரித்தாள். மால் அதிர்ந்தது. ஒரு சிறுமி கோபச் சிரிப்பு கேட்டாள். அதற்குக் கிழவி நடிக்கவே தேவை இல்லாமல் போயிற்று. தொழில் என்று வந்துவிட்டால் தொண்டை மானம் ரோஷம் பார்ப்பதில்லை, சொன்னதைச் செய்துவிடுகிறது. அந்தத் தொண்டை மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்து மைக் முன்வரிசைக்குப் போயிற்று. அந்தக் குரலைக் கேட்டதும் கிழவி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். வளையத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வாலுதான். பின்னால் அவள் அப்பா, கையில் பாப்கார்னோடு, மகள் இழுத்த இழுப்புக்கு வந்து நிற்கிற முகத்தோடு நின்றார். பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக்காரியும் அவள் அம்மாவும், வகுப்புப் பிள்ளைகள் ஒரு பட்டாளமும். பந்தயம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி" என்றாள் வாலு. குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "படத்துல வர்ற சிரிப்பு நிஜமாவே உங்களோடதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடிகையும் சிரித்தார், இருமல் மாதிரி.

"என்னோடது இல்லாம உங்க அம்மாவோடதா கண்ணு?"

நடிகை அதை வேடிக்கையாகத்தான் சொன்னார், பாவம், இவள் யார் மகள் என்று அவருக்கு என்ன தெரியும்? ஆனால் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாலுவைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மூக்குக் கண்ணாடிக்காரி, "சொன்னேன்ல? புளுகுமூட்டை!" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது மால் முழுக்கக் கேட்டது. வாலுவின் காது சிவந்துபோனது. ஆனாலும் அவள் மைக்கை விடவில்லை.

"அப்ப சிரிச்சுக் காட்டுங்க. கடைசியில விக்கல் வரணும்."

"அதுக்கென்ன!" நடிகை பேனர் பக்கமாக ஒரு கையை லேசாக அசைத்தார். அதுதான் சைகை. தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது.

கிழவி சிரித்தாள்.

அடிவயிற்றிலிருந்து கிளப்பினாள். நடிகையின் வாய் எங்கே அகலுகிறதோ அங்கே அகட்டி, எங்கே குவிகிறதோ அங்கே குவித்து, மூக்கில் ஏற்றி உச்சியில் உடைத்து, மகள் கேட்ட விக்கலையும் வைத்தாள். நூல் பிசகவில்லை. நடிகை வாயை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணக்கம் சொன்னார்.

டப்பிங்குக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. உதடு மூடினால் நீயும் மூடு. பசியோ, காய்ச்சலோ, செத்த வீடோ, உதட்டைத் தாண்டிக் குரல் போகக்கூடாது. கிழவி இத்தனை வருடத்தில் ஒரு மூச்சுகூடத் தாண்டியதில்லை.

இன்று நிறுத்தவில்லை.

நடிகை குனிந்திருக்க ஸ்பீக்கரில் சிரிப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. நடிகை நிமிர்ந்தார். சிரிப்பு நிற்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை உருட்டிப் பேனரைப் பார்த்தார். ஸ்பீக்கர் அப்போதும் சிரித்தது. கோஆர்டினேட்டர் ஒயர்களைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்து, "ஏய்! ஏய்! பைத்தியமா உனக்கு?" என்று கிசுகிசுப்பாகக் கத்தினார். கிழவி அவர் முகத்தைப் பார்த்தே ஒரு சுற்று சிரித்தாள். அவர் மைக் ஒயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் செத்தது. கிழவிக்கு ஸ்பீக்கர் எதற்கு? வெறும் தொண்டையிலேயே சிரித்தாள். ஃப்ளெக்ஸ் துணி அதிர்ந்தது. அதில் இப்போது சிரிப்பு கொஞ்சம்தான் இருந்தது, மீதி எல்லாம் அந்த இரண்டு வாரக் கோபம். பின்வரிசைக்கு அது எட்டவில்லை. முன்வரிசைக்கு, பிள்ளைகள் நின்ற இடத்துக்கு, நன்றாகவே எட்டியது.

முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. வாலு மட்டும் நடிகையை விட்டுவிட்டுப் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிச்சுடாதே" என்றார் கோஆர்டினேட்டர். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "உன் தொண்டையில உன் கையாலயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டே."

"என் தொண்டை, நான் போட்டுக்கறேன். நீங்க வேற ஆளைப் பாருங்க அண்ணே." ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டு, துடைப்பம் வைத்திருந்த பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தாள். மூணாம் பாகம் போயிற்று, கூட்டத்தில் கத்துகிற வேலையும் போயிற்று, அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் மூவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். கணவர் பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கைபேசியில் அதற்குள் கருத்துகள் வர ஆரம்பித்திருந்தன. "'விழாவுல ஸ்பீக்கர் கோளாறு, ஏற்பாடு சரியில்லை'ன்னு போட்டிருக்காங்க" என்று படித்தார். "'கோளாறா இருந்தாலும் சிரிப்பு சூப்பர்'னு ஒருத்தன்."

"நாசமாப் போக" என்றாள் கிழவி.

மூக்குக் கண்ணாடிக்காரி தன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கிழவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்ட்டி, பின்னாடி சிரிச்சது நீங்களா?"

"நான்தான். படத்துலயும் நான்தான். உங்க அம்மாகிட்ட போன்ல இல்லைன்னு சொன்னேனே, அது பொய். பொய் சொன்னது நான், இவ இல்ல."

பின்னால் வந்து சேர்ந்த அந்தப் பெண்ணின் அம்மா என்ன சொல்வது என்று தெரியாமல் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக்காரி யோசித்தாள்.

"அப்ப இங்க ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க."

"சிரிப்பு வரல கண்ணு. கோபம்தான் வருது. அதையும் நல்லாப் பண்ணுவேன், காட்டட்டுமா?"

அந்தப் பெண் ஓரடி பின்னால் வைத்தாள். பேருந்து வந்தது. மூவரும் ஏறினார்கள். ஜன்னலோர இருக்கையில் வாலு உட்கார்ந்தாள், பக்கத்தில் கிழவி. மகள் தன் தோளில் சாய்வாள், குறைந்தது கையையாவது பிடிப்பாள் என்று கிழவி எதிர்பார்த்தாள். தொழிலையே தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறாள், அந்த அளவுகூட எதிர்பார்க்கக்கூடாதா?

வாலு ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வந்தது எட்டுப் பேர்தான்" என்றாள் கடைசியில். "கிளாஸ்ல நாப்பது பேர் இருக்காங்க."

"அதுக்கு?"

"திங்கட்கிழமை நீ வந்து சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல. போர்டு முன்னாடி நின்னு எல்லார்கிட்டயும் நீதான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

கிழவிக்குச் சுருக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது, கூடவே கோபமும் முட்டியது. பத்து வயதுக்கு என்ன திமிர் என்று வாய்வரை வந்தது. அந்தத் திமிர் யாரிடமிருந்து வந்தது என்று முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த கணவர் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"வரேன்" என்றாள்.

"சிரிக்கச் சொன்னா சிரிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"சரி" என்றாள் வாலு. இன்னும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.